முற்றத்துக்கு மேலே

இந்தியாவில் 250 கிராமுக்கு மிகாத ட்ரோனைப் பறக்கவிட பைலட் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் மாதம் வெளியான ட்ரோன் விதிகள் இந்த எடைக்குள் அடங்குவதை நானோ என்று வகைப்படுத்துகின்றன. அதற்கு மேல் 2 கிலோ வரையிலான மைக்ரோ வகையைக்கூட, வணிக நோக்கமில்லாமல் இயக்குபவர் சான்றிதழ் இல்லாமலே இயக்கலாம். பச்சை மண்டலமாகக் குறிக்கப்பட்ட பகுதியென்றால் 400 அடி உயரம் வரை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையத்தை நெருங்க நெருங்க உயரம் குறையும், பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். ஆக, பொழுதுபோக்காக இதைத் தொடங்குகிற ஒருவரிடம் அரசு முக்கியமாகக் கேட்பது எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு, இடம் எது என்பதுதான். இவற்றுக்குச் சரியான பதில் வைத்திருப்பவர் ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் நின்று ரிமோட்டை இயக்குகிறார். அரை நிமிடத்தில், தம் கால் படவே முடியாத ஓரிடத்திலிருந்து ஊரைப் பார்க்கிறார். விதிகள் கேட்காத கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. தான் நிற்காத இடத்திலிருந்து பார்க்க ஒருவருக்கு உரிமை உண்டா? உண்டென்றால் அந்த உரிமை என்ன கடனோடு வருகிறது? கேள்வி புதிய இயந்திரத்தைப் பற்றியதுபோலத் தெரிந்தாலும், கூரையும் கோபுரமும் இருந்த காலத்திலிருந்தே சமயங்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. அவை சொன்னவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது: உயரத்தில் இருப்பவர் கெட்ட எண்ணத்தோடு பார்த்தாரா என்பதைவிட, கீழே இருப்பவர் திரும்பிப் பார்க்க வழி இருந்ததா என்பதே அவற்றுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. இன்றைய ட்ரோன் பிரியருக்கும் பொருந்தும் அளவுகோல் அதுதான் என்பது என் வாதம்.

நம் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் தெருவின் கண்ணை நன்றாக அறிந்தவர்கள். திண்ணையில் வழிப்போக்கர் உட்காரலாம். அதைத் தாண்டி வர ஓரளவு பழக்கம் வேண்டும். கூடத்துக்கு வர உறவு வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று இந்த வரிசை இன்னும் நீளும். இப்படி ஒவ்வொரு கட்டாக அந்நியக் கண்ணை வடிகட்டிக்கொண்டே போனவர்கள், வீட்டின் நடுவே இருந்த முற்றத்தை மட்டும் வானத்துக்குத் திறந்தே வைத்தார்கள். வெயில் விழலாம், மழை கொட்டலாம், காக்கை வந்து உட்காரலாம். மனிதக் கண் மட்டும் அந்தத் திசையிலிருந்து வராது என்பது அந்தக் கட்டடக் கலையின் எழுதப்படாத நம்பிக்கை. இன்றைய மொட்டை மாடியும் அதே நம்பிக்கையில்தான் நடக்கிறது. மார்பளவுக் கைப்பிடிச் சுவர் பக்கத்திலிருந்து வரும் பார்வையைத் தடுக்கும், அதற்குள் வடகம் காயும், ஈரத் தலையை உலர்த்துவார்கள், ஒருத்தி யாருக்கும் கேட்காத குரலில் போனில் அழுதுகொண்டிருப்பாள். இதில் ரகசியம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாமலிருக்கலாம். ஆனால் மூடி வைக்கவில்லை என்பதாலேயே அது பொதுப்பார்வைக்கு வைக்கப்பட்டது என்றும் ஆகிவிடாது. கூரை போடாதவர் வானத்தை நம்பினாரே தவிர, அண்டை வீட்டாரை அழைக்கவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் முற்றங்களை மேலிருந்து காட்டும் காணொளிகள் இன்று ஏராளம். அவற்றின் அழகில் ஐயமில்லை. கட்டியவர்கள் ஒருபோதும் காட்ட எண்ணாத ஒரே பக்கம் அதுதான் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

கூரைக்கும் முற்றத்துக்கும் நடுவிலான இந்த வழக்கை மிக நுட்பமாக வாதிட்டவர்கள் யூத அறிஞர்கள். பாபிலோனியத் தால்முத்தின் சொத்து, அண்டை அயல் பற்றிய பகுதியில், பார்வையால் விளையும் சேதமும் சேதம்தானா என்று ஒரு நீண்ட விவாதம் நடக்கிறது. பொதுவான முற்றத்தை நோக்கிச் சன்னல் திறக்கக் கூடாது, ஒரு வாசலுக்கு நேர் எதிரே இன்னொரு வாசல் வைக்கக் கூடாது என்பவை அதன் விதிகள். அவற்றுள் ஒன்று நம் விஷயத்துக்காகவே சொல்லப்பட்டதுபோல இருக்கிறது. ஒருவரின் கூரை அடுத்தவரின் முற்றத்தை ஒட்டியிருந்தால், கூரைக்காரர் நான்கு முழ உயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். அதாவது ஓர் ஆள் உயரம். இரண்டு கூரைகள் ஒன்றையொன்று ஒட்டியிருந்தால் இந்தக் கட்டாயம் இல்லை. ஏன் இந்த வேறுபாடு என்பதற்கு அவர்கள் தரும் விளக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. முற்றத்துக்காரர் தம் முற்றத்தை எப்போதும் புழங்குகிறார்; கூரைக்காரர் எப்போதாவதுதான் ஏறுகிறார்; அவர் எந்த நேரத்தில் ஏறுவார் என்று கீழே இருப்பவருக்குத் தெரியாததால் அவரால் ஒதுங்கிக்கொள்ள முடியாது. எப்போதும் எதிரே இருக்கும் கண்ணைவிட எப்போது வரும் என்று தெரியாத கண் அதிகச் சேதம் செய்கிறது என்பது இதன் உட்பொருள். சுவர் எழுப்பும் செலவும் மேலே இருப்பவர் தலையில்தான் விழுகிறது. அவர் நல்லவரா, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடப்பவரா என்று யாரும் விசாரிப்பதில்லை. ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்த விவாதத்தில் கூரையை எடுத்துவிட்டு ட்ரோனை வைத்தால் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை.

இதே கவலை வேறிடங்களிலும் தலைகாட்டுகிறது. 1830களின் கெய்ரோ வாழ்க்கையைப் பதிவுசெய்த எட்வர்டு லேன், பள்ளிவாசல் மினாராவில் ஏறித் தொழுகைக்கு அழைக்கும் பணிக்குப் பார்வையற்றவர்களையே பெரிதும் விரும்பினார்கள் என்று எழுதுகிறார். சுற்றியுள்ள வீடுகளின் மாடிகளும் பெண்கள் புழங்கும் பகுதிகளும் மேலிருந்து பார்க்கப்படக் கூடாது என்பது காரணம். ஏறுவது இறைப்பணிக்காக, ஏறுபவர் ஊரறிந்தவர், நாளுக்கு ஐந்து முறை குறித்த நேரத்தில் ஏறுகிறார். இத்தனைக்கும் பிறகும் உயரத்தை நம்ப அந்த ஊர் தயங்கியிருக்கிறது. எபிரேய வேதத்தில் தாவீது மன்னன் ஒரு மாலையில் அரண்மனைக் கூரையில் உலாவும்போது குளித்துக்கொண்டிருந்த பத்சேபாளைக் காண்கிறான். காணத் தேடிப் போகவில்லை, கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அங்கே தொடங்கும் கதை அவளுடைய கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிடுவது வரை போகிறது. நாத்தான் என்ற தீர்க்கதரிசி வந்து குற்றம் சாட்டும்போது அவன் விரல் நீள்வது மன்னனை நோக்கித்தான். திறந்தவெளியில் குளித்தவள் மேல் பிற்காலத்தில் எத்தனையோ ஆண்கள் பழிபோட்டிருந்தாலும், மூலக் கதையில் அந்தப் பழி இல்லை.

இதையெல்லாம் வைத்து, பழைய சமயங்களுக்குப் பறத்தல் என்றாலே ஒவ்வாமை என்று முடிவுகட்டினால் தவறு. தமிழ்க் கற்பனைக்குப் பறப்பதில் ஒரு தயக்கமும் இருந்ததில்லை. மணிமேகலைக்கு மணிபல்லவத்தில் தெய்வம் வானில் செல்லும் மந்திரத்தையும், உருமாறும் மந்திரத்தையும், பசி தீர்க்கும் மந்திரத்தையும் ஒன்றாகவே கொடுக்கிறது. காப்பியத்தில் அவள் பறந்து போனதால் யாருக்கும் கேடு வரவில்லை. கேடு வருவது இரண்டாவது மந்திரத்தால். தன்னைத் துரத்தும் அரசகுமாரன் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்பவளின் உருவை எடுக்கிறாள். தன் மனைவிதான் அரசகுமாரனோடு பேசுகிறாள் என்று எண்ணிய காஞ்சனன் அவனை வாளால் வெட்டுகிறான். அவள் நோக்கம் தூயது என்பதில் கதைக்குச் சந்தேகமில்லை. எதிரே நிற்பது யார் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போனதுதான் ஓர் உயிரைக் குடித்தது. இன்றும் நம் கோயில்களுக்குப் பறக்கும் இயந்திரத்தோடு பகையில்லை. அண்மை ஆண்டுகளில் பல குடமுழுக்கு விழாக்களில் கலசத்து நீரைக் கூட்டத்தின் மேல் தெளிக்க ட்ரோனைத்தான் பயன்படுத்தினார்கள். தலைக்கு மேலே வந்து நிற்கும் அதைப் பார்த்துக் கூட்டம் கைகூப்புகிறது. யார் அனுப்பினார்கள், எதற்கு வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிவதால் யாரும் ஒதுங்குவதில்லை.

பௌத்த விநயத்தில் வரும் பிண்டோல பாரத்துவாசரின் கதை பொழுதுபோக்குக்கு இன்னும் நெருக்கமானது. ராஜகிருகத்தில் ஒரு பெருவணிகர் சந்தனக் கட்டையில் கடைந்த பாத்திரத்தை மூங்கில் உச்சியில் கட்டி, ஆற்றல் உள்ளவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிக்கிறார். பிண்டோலர் எழும்பிப் போய் அதை எடுத்து, நகரை மூன்று முறை வானில் சுற்றி வருகிறார். ஆரவாரத்தோடு ஊரே பின்னால் ஓடுகிறது. சத்தம் கேட்டு விசாரித்த புத்தர் அவரைக் கடிந்துகொள்கிறார். பாத்திரத்தை உடைத்துத் தூளாக்கி, பிக்குகளின் கண் மருந்தில் சேர்க்கும் வாசனைப் பொருளாகக் கொடுக்கச் சொல்கிறார். பறந்ததற்கான பரிசு கண்ணுக்கு மருந்தாகப் போனது என்ற குறும்பு கதை சொன்னவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது. பறக்கும் ஆற்றலைப் புத்தர் மறுக்கவில்லை. இல்லறத்தார் முன் அதை வேடிக்கையாகக் காட்டக் கூடாது என்று மட்டுமே விதி செய்தார். பதஞ்சலியின் யோக நூலும் வானில் செல்வதை ஒரு சித்தியாக ஏற்றுக்கொள்கிறது. கூடவே, இப்படிப்பட்ட சித்திகள் சமாதிக்குத் தடைகள் என்றும் எச்சரிக்கிறது. ஆக, தடை பறத்தலுக்கு இல்லை. பறக்க முடிந்ததாலேயே தனக்கு ஏதோ தகுதி வந்துவிட்டதென்று நினைக்கிற மனத்துக்குத்தான்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். உயரத்திலிருந்து பார்ப்பதை மனப் பயிற்சியாகவே பரிந்துரைத்த தத்துவ மரபு இருக்கிறதே? மார்க்கஸ் அரேலியஸ் தம் குறிப்புகளில் மனிதக் கூட்டங்களையும் போர்களையும் திருமணங்களையும் சந்தைகளையும் மேலிருந்து காண்பதுபோல் காணச் சொல்கிறார். சிசரோ எழுதிய சிப்பியோவின் கனவில், விண்மீன்களுக்கு நடுவிலிருந்து பூமியைப் பார்க்கும் சிப்பியோ, அதில் ரோமப் பேரரசு ஒரு புள்ளியளவே இருப்பதைக் கண்டு கூசுகிறான். செனெக்காவும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார். அப்படியானால், ஞானியர் கற்பனையில் மட்டுமே எட்டிய காட்சியை இரண்டு விரலால் எட்டவைக்கும் ஒரு பொம்மையைக் குறைசொல்வது நியாயமா? மறுப்பில் பாதியை நான் ஏற்கிறேன். தன் தெரு, தன் சாதிச் சங்கம், வயல் வரப்பில் மூன்று தலைமுறையாக நடக்கும் வழக்கு, இவையெல்லாம் 100 மீட்டர் உயரத்தில் எவ்வளவு சிறுத்துப் போகின்றன என்று பார்ப்பது ஒருவரை நல்வழிப்படுத்தக்கூடும். ஆனால் அந்தத் தத்துவர்களின் பயிற்சியில் தவறாமல் ஒரு நிபந்தனை இருந்தது: சிறுத்துப் போகிறவற்றில் பார்ப்பவரும் அடக்கம். சிப்பியோ கூசியது தன் பேரரசின் சிறுமையைக் கண்டு. அடுத்தவன் குடிசையைக் கண்டு அல்ல. மத்தேயு நற்செய்தியில் சாத்தான் இயேசுவை மிக உயரமான மலைக்குக் கொண்டுபோய் உலகின் அரசுகளையெல்லாம் காட்டுகிறான். அங்கேயும் உயரம் இருக்கிறது, அகன்ற காட்சி இருக்கிறது. அந்தக் காட்சியில் பார்ப்பவர் மட்டும் சிறுக்கவில்லை. எல்லாம் உனக்கே என்கிறது அது. ஒரே உயரம், இரண்டு விதமான பார்வை. இரண்டில் எது என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை.

இன்னொரு மறுப்பு எளிமையானது, தொடங்குபவர்கள் அடிக்கடி சொல்வது: மேலே போனால் யார் முகமும் தெரியாது, நான் படமும் எடுப்பதில்லை, யாருக்கு என்ன நட்டம்? முதல் பகுதியைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சிறிய கேமரா ட்ரோன்களில் பெரும்பாலும் அகலக் கோண லென்ஸ்தான் இருக்கும். 120 மீட்டரிலிருந்து நேர் கீழே பார்த்தால் ஏறக்குறைய 180 மீட்டர் அகலத் தரை ஒரு படத்தில் அடங்கும். படம் 4000 பிக்சல் அகலம் என்றால் ஒரு பிக்சலுக்கு நாலரை சென்டிமீட்டர். ஓர் ஆளின் தோள் பத்துப் பிக்சல். முகம் தெரியாது என்பது உண்மைதான். அதையே 30 மீட்டருக்கு இறக்கினால் ஒரு பிக்சல் ஒரு சென்டிமீட்டர் சொச்சமாகிறது. முகம் அப்போதும் சரியாகத் தெரியாமலிருக்கலாம். ஆனால் சொந்த ஊரில் ஒருவரை அடையாளம் காண முகம் எதற்கு? நடை போதும், புடவை நிறம் போதும், எந்த மாடி என்பது போதும். இறக்கவும் ஏற்றவும் அதிக நேரம் ஆகாது. இடைப்பட்ட நேரத்தில் அது எந்த உயரத்தில் நின்றது என்பதும் கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதும் பறக்கவிட்டவருக்கு மட்டுமே தெரியும். மறுப்பின் இரண்டாம் பகுதி உடைவதும் இங்கேதான். படம் எடுக்கவில்லை என்ற உண்மை கீழே இருப்பவரை எட்டுவதில்லை. கேமரா இருக்கும் ட்ரோனும் இல்லாத ட்ரோனும் அவர் காதுக்கு ஒரே ரீங்காரம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தாம் வரைந்த சிறைச்சாலையில் நடுக் கோபுரத்துக்குள் காவலர் இருக்கிறாரா இல்லையா என்பது கைதிகளுக்குத் தெரியாது. கோபுரம் காலியாக இருந்தாலும் அவர்கள் பார்க்கப்படுபவர்கள்போலவே நடந்துகொள்வார்கள் என்பதுதான் அதன் சூட்சுமம். மாடியில் தலை உலர்த்தியவர் சத்தம் கேட்டு உள்ளே போய்விட்டால் நட்டம் அப்போதே நிகழ்ந்துவிட்டது. பறக்கவிட்டவரின் மெமரி கார்டு காலியாக இருப்பது அதைத் திருப்பிக் கொடுக்காது.

செயற்கைக்கோள் பார்க்கிறது, தெருமுனைக் கேமரா பார்க்கிறது, எதிர் அடுக்ககத்தின் எட்டாவது மாடிக்காரர் பார்க்கிறார், நான் மட்டும் ஏன் கண்ணை மூட வேண்டும் என்பது மூன்றாவது மறுப்பு. வணிகச் செயற்கைக்கோள்களின் மிகத் துல்லியமான படத்திலும் ஒரு பிக்சலுக்குச் சுமார் 30 சென்டிமீட்டர். அதில் மனிதர் ஒரு பொட்டு. எட்டாவது மாடிக்காரர் கதை வேறு. அவருடைய சன்னல் நகராது, எப்போது விளக்கெரிகிறது என்று தெரியும், தெருவில் எதிர்ப்பட்டால் அவரும் கூச்சப்பட வேண்டியிருக்கும். தால்முத் அறிஞர்கள் இரண்டு கூரைகளுக்கு நடுவே சுவர் கேட்காததும் ஏறக்குறைய இதனால்தான். இந்த வேறுபாடு அண்மையில் ஒரு நவீன நீதிமன்றத்திலும் எதிரொலித்தது. லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் புதிய கட்டடத்தில், பத்தாவது தளத்தைச் சுற்றி 2016இல் ஒரு பார்வை மாடம் திறந்தார்கள். எதிரே கண்ணாடிச் சுவர் வைத்த குடியிருப்புகள். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வந்த பார்வையாளர்கள் அந்த வீடுகளுக்குள் பார்த்தார்கள், படமெடுத்தார்கள். கண்ணாடி வீடு வாங்கியது உங்கள் விருப்பம், திரை போட்டுக்கொள்ளுங்கள் என்ற வாதம் முதலில் விசாரித்த நீதிமன்றத்தில் எடுபட்டது. 2023 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை நிராகரித்தது. அண்டை வீடு கண்ணில் படுவது குற்றமாகாது. ஆனால் பார்ப்பதற்கென்றே ஓரிடத்தை அமைத்து ஆட்களை அழைத்துவிட்டு, தற்காத்துக்கொள்ளும் பாரத்தைப் பார்க்கப்படுபவர் தலையில் கட்ட முடியாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல மனிதர்கள் இதில் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள்.

சட்டம் இருக்கும்போது அறவிசாரணை எதற்கு என்று கேட்பவர்கள், இந்தியச் சட்டம் பொழுதுபோக்குக்காரர் விஷயத்தில் எங்கே கைவிடுகிறது என்று பார்க்கலாம். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக, வீட்டளவில் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு ஒரு பெண்ணை அவரது அந்தரங்கச் செயலின்போது பார்ப்பதையும் படமெடுப்பதையும் தண்டிக்கிறது. வடகம் காயவைக்கும் பெண்ணுக்கு அது உதவாது. சொத்துரிமையின் துணையைத் தேடினாலும் பயனில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு அதன் மேலுள்ள வானமும் சொந்தம் என்ற பழைய கோட்பாட்டுக்கு நவீன உலகில் இடமில்லை என்று 1946இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தலைக்கு வெகு அருகே பறந்த ராணுவ விமானங்களின் இரைச்சலில் கோழிகளைப் பறிகொடுத்த ஒரு பண்ணைக்காரரின் வழக்கு அது. அவர் இழப்பீட்டில் வென்றார், வானத்தை இழந்தார். வானம் யாருக்கும் சொந்தமில்லை என்பது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆகவே என் முற்றம், என் வானம் என்று வழக்காட எனக்கு விருப்பமில்லை. சொந்தமில்லாத இடத்தில் நின்று பார்ப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

அதற்கான பதில், வியப்பாக, பறக்கவிடக் கற்றுக்கொள்ளும் முறையிலேயே ஒளிந்திருக்கிறது. முதல் பாடம் இயந்திரத்தை அந்தரத்தில் அசையாமல் நிறுத்துவது. அதன் வால் கற்பவரை நோக்கியிருக்கும். வலது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் அது அவருடைய வலப்பக்கமே போகும். சிரமமில்லை. பிறகு இடது ஸ்டிக்கால் அதைத் திருப்பி, முகம் தம்மைப் பார்க்கும்படி நிறுத்தச் சொல்வார்கள். கை குழம்பும் கட்டம் இது. வலப்பக்கம் தள்ளினால் அது இடப்பக்கம் போகிறது, பதறித் திருத்தினால் தவறு இரட்டிக்கிறது, மரத்தில் மோதுகிறது. இதைத் தாண்ட ஒரே வழி, கற்பவர் மனத்தளவில் அந்த இயந்திரத்துக்குள் ஏறி உட்கார்ந்து, எதிரே ரிமோட்டோடு நிற்கும் தம்மைப் பார்ப்பது. அங்கிருந்து பார்ப்பவராகவும் இங்கே நிற்பவராகவும் ஒரே நேரத்தில் இருக்கப் பழக வேண்டும். உயரத்திலிருந்து பார்க்கச் சொன்ன தத்துவர்களின் நிபந்தனை வேறு எது? ஆனால் ஜிபிஎஸ் தயவில் தானாகவே நிலைகொள்ளும் இன்றைய ட்ரோன்களில் இந்தப் பாடத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். திரையை மட்டும் பார்த்து ஓட்டினால் வலம் எப்போதும் வலம்தான். தாம் எங்கே நிற்கிறோம் என்ற நினைப்பே தேவையில்லை. கண்ணில் கவசத் திரை மாட்டிக்கொண்டு ஓட்டும் எஃப்பிவி முறையில் சொந்த உடலே மறைந்துவிடும், அதனால்தான் பக்கத்தில் வானத்தைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் நிற்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. பொழுதுபோக்கு ட்ரோன் கண்ணுக்கெட்டும் தொலைவுக்குள்தான் பறக்க வேண்டும் என்ற பரவலான விதி மோதலைத் தவிர்க்கப் பிறந்தது. அது தெரியாமலே ஓர் அறத்தையும் காத்து வருகிறது. இயந்திரம் ஓட்டுபவர் கண்ணுக்கு எட்டுமென்றால், ஓட்டுபவரும் கீழே இருப்பவர்களின் கண்ணுக்கு எட்டும் வாய்ப்பு உண்டு.

கடன் என்று நான் சொல்வது இதைத்தான்: இயந்திரம் பறித்துக்கொண்ட திரும்பிப் பார்க்கும் வாய்ப்பைக் கீழே இருப்பவர்களுக்கு மீட்டுக் கொடுப்பது. பட்டம் விட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. பட்டத்தைப் பார்த்தவர் நூலைப் பிடித்துக்கொண்டே வந்தால் அதை விடும் பையனிடம் வந்து சேரலாம். 1888இல் பிரான்சில் ஆர்தர் பதூ பட்டத்தில் கேமராவைக் கட்டி ஊரைப் படமெடுத்தபோதும் நூலின் மறுமுனையில் அவர் நின்றார். ட்ரோனுக்கு நூல் இல்லாததால் அதை நடத்தையால் ஈடுகட்ட வேண்டும். வீட்டுக்குள்ளிருந்தோ காருக்குள்ளிருந்தோ அனுப்பாமல் வெட்டவெளியில் நிற்பது, யாராவது வந்து கேட்டால் சலிக்காமல் திரையைக் காட்டுவது, குடியிருப்புக்கு மேல் போக நேர்ந்தால் முந்தின நாளே அந்தத் தெருவில் சொல்லி வைப்பது. இது நடைமுறைக்கு ஒவ்வாது, 200 வீட்டில் யார் போய்ச் சொல்வது என்பார்கள். சொல்ல முடியாத அளவுக்கு வீடுகள் இருக்கும் இடம் கற்றுக்கொள்வதற்கான இடமில்லை; ஏரிக்கரையும் அறுவடை முடிந்த வயலும் அதற்குத்தான் இருக்கின்றன. வெறும் பொம்மைக்கு இவ்வளவு ஆசாரமா என்ற எரிச்சலும் புரிகிறது. மினாராவில் ஏறியவர் பொம்மையோடு போகவில்லை, தொழுகைக்கு அழைக்கப் போனார். அவரிடமே ஊர் இவ்வளவு கேட்டது.

எல்லை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் வாதிட்டது வீட்டுக்காரரின் மறைவுக்காக. ஆற்றில் அனுமதிக்கு மேல் மணல் அள்ளுபவரும், குளத்தை மதில் கட்டி வளைத்தவரும், கழிவு நீரை இரவில் திறந்துவிடும் ஆலையும் இதே மறைவைக் கோரினால் நான் தரமாட்டேன். அவர்கள் மறைப்பது தங்கள் வாழ்க்கையை இல்லை, ஊருக்குச் சொந்தமான ஒன்றை அள்ளிப் போவதை. கீழிருந்து மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்க முடியாதவர்களுக்கு அங்கே ட்ரோன் ஒரு நியாயமான கண். ஆனால் அந்தப் படத்தை வெளியிடுபவர் எந்த நாள், எந்த இடம், எடுத்தது யார் என்று சொல்லியே ஆக வேண்டியிருக்கும். வழக்கென்று வந்தால் நீதிமன்றம் முதலில் கேட்பதும் அதைத்தான்.